பெட்டு என்றான், வெட்டினேன்

ரம்பம் ஓடும்போது இந்த மரப் பட்டறையில் யாரும் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று, வேலை பழக வந்த முதல் நாளே நீங்கள் நான்கு பெண்களும் கேட்டீர்கள். "பலகை மேல உள்ளங்கைய வெச்சா நிறுத்திடணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். "ஊமைப் பட்டறை போலக் கீதுடி" என்று உங்களில் ஒருத்தி இன்னொருத்தியிடம் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. திங்கட்கிழமை முதல் நான் தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் வேறு வேலைக்குப் போகிறேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரம்பம் நேராக ஓட வழிகாட்டும் நீளச் சட்டமான டிராக்கை எப்படிப் படுக்க வைப்பது, அதன் ரப்பர் ஓரத்தைக் கோட்டில் எப்படிச் சேர்ப்பது, மூலைக்கு மூலை எப்படி அளப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றைப் பத்து நாளில் உங்கள் கை கற்றுக்கொள்ளும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மில்லிலிருந்து வரும் ரஃப் பலகைக்கு நேரான பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு ஓரம் பட்டையோடு அலை அலையாக இருக்கும், இன்னொரு ஓரத்தில் வெடிப்பு இருக்கும். நான்கு பக்கமும் கோணலான அந்தப் பொருளில் முதல் நேர்க்கோட்டை நாம்தான் போடுகிறோம். மற்ற மூன்று பக்கங்களும் அந்தக் கோட்டை நம்பித்தான் பிறக்கின்றன. முதல் கோடு தப்பினால் மீதி மூன்றும் ஒழுங்காகத் தப்பும்.

என்னைப் பற்றிச் சிலது தெரிந்தால்தான் நடந்தது புரியும். என் ஊர் நகரி. நைனாவும் அம்மாவும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாகக் கால் வைத்த முதல் ஆள் நான். அளவு டேப்பில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். பத்தாவது வரை தமிழில் படித்தேன். பிறகு ஐ.டி.ஐ.யில் எல்லாம் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. மரவேலைப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். இந்தப் பட்டறையில் என் முதல் வேலைச் சீட்டில் 'அறுத்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டபோது, அதை ஃபோனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்குப் படிக்க வராது. ஆனாலும் தறிச் செட்டில் இருந்த எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்.

இனி ரமணாவைப் பற்றி. உங்களுக்கு அவர் ரமணா அண்ணா. எனக்கு வெறும் ரமணாதான், ஏனென்றால் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில், ஒரே வயதில், ஒரே வேலைக்கு ஆசைப்பட்டு வந்து சேர்ந்தவர்கள். டிராக் ரம்பம் அப்போதுதான் பட்டறைக்குப் புதிதாக வந்திருந்தது. அது யார் கைக்கு என்று முடிவு செய்ய, மேஸ்திரி எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ரஃப் பலகையைக் கொடுத்து நான்கு பக்கமும் சதுரமாக்கச் சொன்னார். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தார். என்னுடையது இரண்டு பக்கமும் ஒரே அளவு. ரமணாவுடையதில் ஒரு நூல் வித்தியாசம்.

"ரம்பம் இந்தப் பொண்ணுக்கு. நீ மார்க்கிங் போடு" என்றார் மேஸ்திரி.

ரமணா என் பலகையின் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாகுந்தி" என்றான். நன்றாக இருக்கிறது என்று அவன் வாயால் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. தோற்றவன் முகம் இப்படியா இருக்கும், உள்ளுக்குள் ஏதோ வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்க்கிங் என்பதை அதுவரை எல்லோரும் பென்சில் வேலை என்றுதான் நினைத்திருந்தோம். ரமணா அதை வேறாக்கினான். பலகையைச் சாய்த்து வைத்து அதைச் சுற்றி வருவான். ஒரு கை தண்ணீர் தெளித்து ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பான். குனிந்து ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்ப்பான். பிறகு ஒரே ஒரு அம்புக்குறி போடுவான். முதல் கோடு இந்தப் பக்கம் என்று அர்த்தம். அம்புக்குறி இல்லாத பலகையை வெட்டக் கூடாது என்பது அப்போதும் சட்டம், இப்போதும் சட்டம். அவன் அம்புக்குறி போட்ட பலகையில் வீணாய்ப் போகும் துண்டு மிகக் குறைவாக இருக்கும். இதை நான் கவனித்தேன். அவனிடம் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் நாகலாபுரத்து அம்மா ஒருவர் ஆறு வேங்கைப் பலகைகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த மரம். ஐந்து பலகை கதவுகளுக்கு. ஆறாவதுதான் எல்லாவற்றிலும் அகலம்.

"இது ஊஞ்சலுக்கு. இருவத்தி நாலு அங்குலம் வரணும். ஒட்டு மட்டும் போட்றாதீங்க" என்றார்.

"ஏம்மா, ஒட்டு போட்டா தெரியாத மாதிரி போடுவோம்" என்றார் மேஸ்திரி.

"தெரியாத மாதிரிதான் போன தபா ஒருத்தன் போட்டான். எங்க நைனா மத்தியானம் சோறு துன்னுட்டு அதுலதான் படுப்பாரு. ஒரு நாளு ஆடிக்கினு இருக்கும்போதே ஒட்டு வுட்டு, பலக ஒரு பக்கம் நைனா ஒரு பக்கம். மூணு மாசம் இடுப்பப் புடிச்சிக்கினு கெடந்தாரு. ஒத்தப் பலக. அது இல்லாட்டி ஊஞ்சலே வேணாம்."

இதை நான், ரமணா, மேஸ்திரி மூவரும் நின்று கேட்டோம். யாரும் கேட்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

அன்று முற்பகல் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தேன். காதுகளில் சத்தத்தை மறைக்கும் மஃப். தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒரு பக்கம் இரைச்சல். ஐந்தாவது பலகை முடிந்ததும் ஹெல்பர்கள் ஆறாவதைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். ஊஞ்சல் பலகை. அதில் அம்புக்குறி இல்லை. நான் ரமணாவைப் பார்த்தேன். அவன் பத்தடி தள்ளி இன்னொரு வேலையில் இருந்தான். பலகையைக் காட்டி, என்ன செய்ய என்பது போல் தலையை ஆட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்துக் கையை வீசிச் சொன்னான்:

"பக்கன பெட்டம்மா!"

தெலுங்கில் இதற்கு 'ஓரமாக வையம்மா' என்று அர்த்தம். பெட்டு என்றால் வை.

என் காதில் விழுந்தது, "பக்கம் வெட்டம்மா."

எனக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில், கடையில், ஐ.டி.ஐ.யில், இந்தப் பட்டறையில் எல்லாம் பாதி நாள் தெலுங்குதான் பேசுகிறேன். தமிழ் மட்டும் தெரிந்தவளாக இருந்திருந்தால், "இன்னா சொன்ன?" என்று கேட்டிருப்பேன். தெலுங்கு மட்டும் தெரிந்தவளாக இருந்திருந்தால் பலகையை எடுத்து ஓரமாக வைத்திருப்பேன். இரண்டும் தெரிந்ததால் சந்தேகமே வரவில்லை. பலகையின் பக்கத்தை வெட்டுவதுதான் என் வேலை. அதைத்தான் அவன் சொல்கிறான் என்று காது தானாக ஒரு மொழியைத் தேர்ந்துகொண்டது.

ஆனால் அம்புக்குறி இல்லை என்பது என் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. மஃப்பைக் கழற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒருமுறை சொன்னது புரியாமல் மறுபடி கேட்கிறவள் என்று பெயர் வாங்க விருப்பமில்லை. வகுப்பிலும் நான் அப்படித்தான். புரியாததைக் கேட்டால், படிக்காத வீட்டுப் பெண் என்று சொல்லிவிடுவார்களோ என்று கேட்காமலே தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டல் அன்று ரம்பத்தோடு சேர்ந்துவிட்டது.

பட்டை ஓரத்தின் அலை எங்கே ஆழமாக உள்ளே போகிறதோ அந்த இடத்துக்கும் ஒரு அங்குலம் உள்ளே தள்ளி டிராக்கை வைத்தேன். ஒரே ஓட்டம். ஆறடி நீளமும் வெண்ணெய் போல வந்தது. துண்டு தனியாக விழுந்தது. ஒரு முனையில் நாலு அங்குலம், மறுமுனையில் ஒன்றரை.

ரமணா ஓடி வந்தான். அவன் வாய் அசைவதைப் பார்த்து மஃப்பைக் கழற்றினேன்.

"ஏம் சேசாவ் நுவ்வு? பெட்டமன்னானே!" என்ன செய்தாய், வைக்கத்தானே சொன்னேன் என்கிறான்.

"வெட்டச் சொன்னியே. வெட்டிட்டேன்."

"வெட்டு காதம்மா, பெட்டு! பெட்டு!" என்று, வெட்டு இல்லை, வை என்பதற்கு இரண்டு கையாலும் எதையோ தரையில் வைப்பது போல் காட்டினான்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவன் டேப்பை எடுத்து அளந்தான். இன்னொரு ஓரத்தில் இருந்த வெடிப்பை நீக்கினால் மீதி இருபது அங்குலம்தான் தேறும். அந்த மரம் சாய்ந்து வளர்ந்தது, கோட்டையும் அந்தச் சாய்வுக்கே போட்டால் இருபத்து நாலு வந்துவிடும், உணவு இடைவேளைக்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்றுதான் ஓரமாக வைக்கச் சொன்னானாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன், மறைக்கவில்லை. கீழே கிடந்த துண்டை எடுத்து வெட்டின ஓரத்தில் பொருத்திப் பார்த்தேன். கோடே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வெட்டு. எனக்கு உயிர் வந்தது.

"ரமணா, இத்த அப்படியே ஒட்டி கிளாம்ப் போட்டுட்டா யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவால கண்டே புடிக்க முடியாது."

அவன் கோபப்படவில்லை. பென்சிலால் பலகையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டான். வட்டம் சரியாக ஒட்டப்போகும் துண்டின் மேல் விழுந்தது.

"சங்கிலிக்குத் தொள எங்க வரும்?" என்று தமிழில் கேட்டான்.

துண்டை விலக்கினேன். வட்டமும் அதோடு போனது.

"ஒட்டு வுட்டுத்தான அந்தப் பெரியவரு வுழுந்தாரு" என்றான். துண்டைக் கீழே வைத்தேன்.

என் தப்பு ஒரு நிமிடத்தில் நடந்தது. அதை மூட நினைத்தது அதைவிடப் பெரிய தப்பு. அந்தச் சின்ன வட்டத்தை அவன் போடாமல் இருந்திருந்தால் நான் ஒட்டியிருப்பேன்.

மேஸ்திரி வந்தார். பலகையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்புக்குறி எங்க?"

"இல்ல, மேஸ்திரி."

"அப்புறம் இன்னாத்துக்கு வெட்டின?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரமணா, "சொன்னது நான். தெலுங்குல சொன்னேன். அவளுக்குத் தமிழ்ல கேட்டுடுச்சி" என்றான்.

"ரம்பம் உன் கையிலயா இருந்திச்சி?"

"வாய் என்னுதுதான, மேஸ்திரி."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு அவர் சொன்னதுதான் அந்த வருடம் நான் கேட்டதிலேயே கனமான வார்த்தை.

"நாளைக்குக் காலைல டெம்போ எடுத்துக்கினு ரெண்டு பேரும் நாகலாபுரம் போங்க. நடந்தத சொல்லுங்க. அந்த அம்மா சரின்னு சொன்னா சரி. வேணாம்னு சொன்னா, நாளையிலருந்து ரம்பத்துல ரமணா. நீ பாலிஷுக்குப் போய்டு."

பாலிஷ் கேவலமான வேலை இல்லை. ஆனால் இந்தப் பட்டறைக்கு வந்த பெண்கள் எல்லோரையும் அதுவரை பாலிஷுக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். ரம்பத்தில் நின்ற முதல் பெண் நான். நான் இறங்கினால், 'பார்த்தோமே, பொம்பளைக்கு ரம்பம் சரிவராது' என்ற பேச்சுதான் அங்கே நிற்கும். எனக்குப் பின்னால் உங்களில் ஒருத்தியும் அதைத் தொட்டிருக்க முடியாது.

அன்று சாயங்காலம் ரயிலில் நகரி போய்ச் சேர்ந்தேன். நைனா செட்டிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்தில் அவருக்கு ஒரு காது பாதி போய்விட்டது. நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டு, வெட்டு என்ற இடம் வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

"அழுவாத. மிஷின் ஓடும்போது யார்னா வாயால பேசுவாங்களா? இருவது தறி ஓடற எடத்துல ஒங்கம்மா வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல."

"வூட்டுல தொறக்கறது பத்தாதா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"கேட்டுக்கோ" என்றார் நைனா. பிறகு உள்ளங்கையைத் தரையில் பதித்துக் காட்டினார். "தறி மேல இப்படி வெச்சா நிறுத்துன்னு அர்த்தம். எந்த பாஷக்காரனுக்கும் புரியும். நீ படிச்சவ, பேசினாவே புரிஞ்சிக்கலாம்னு நெனச்சிட்ட."

அந்தக் கையசைவைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். செட்டில் விளையாடிய குழந்தை நான். அது வேலையில் ஒரு அறிவு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. படிக்காதவர்கள் கையால் பேசுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் டெம்போவின் பின்னால் பலகையையும் துண்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். புத்தூர் தாண்டியது. அந்த அம்மா வேண்டாம் என்று சொன்னால் ரம்பம் இவனுக்கு. இவன் எதற்காக எனக்காகப் பேசப்போகிறான் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"ஒனக்கு ரம்பம் வேணும்தான?"

"வேணும்" என்றான். "நல்லா வெட்டிட்டு வாங்கணும். இப்படி வேணாம்."

சிறிது நேரம் கழித்து, "அந்தப் பெரியவர் எம்மாம் அகலம்னு யார்னா அளந்தாங்களா?" என்றான்.

"இன்னாது?"

"இருவத்தி நாலுன்றது பழைய பலகயோட அளவு. படுக்கறவரோட அளவு யாருக்கும் தெரியாதே."

நான் இரவெல்லாம் பலகையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் படுக்கிறவரைப் பற்றி நினைத்திருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த ஒரு நூல் அளவு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாகலாபுரத்து அம்மா வாசலில் நின்றிருந்தார். டெம்போவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" நானே சொல்ல வேண்டும் என்று ரமணா என்னைப் பார்த்தான். சொன்னேன். சுற்றி வளைக்காமல், கேட்டது எப்படி, வெட்டியது எப்படி, இருபதுதான் தேறும், ஒட்டினால் துளை எங்கே விழும், எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டி மறைக்க நினைத்ததையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"எடுத்துக்கினு போயிடுங்க. எனக்கு ஊஞ்சலே வேணாம்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல். "யாரு அது?"

"பட்டறைக்காரங்க, நைனா. பலகைய அறுத்துக் கெடுத்துட்டாங்க."

பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பது வயதிருக்கும். அகலமான தோள். அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவராம். நடந்ததை மறுபடி கேட்டார். 'பெட்டம்மா' வந்ததும் அவர் தொப்பை குலுங்கியது.

"தடா செக்போஸ்ட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கிட்ட ஒரு தெலுங்கு கிளீனர் இருந்தான். அவன் வாயால சொல்றத நான் நம்பவேமாட்டேன். லாரி பாடிய தட்டுடான்னுவேன். ஒரு தட்டு நில்லு, ரெண்டு தட்டு போ. பலகைய எறக்கு, பாக்கலாம்."

"நைனா, சும்மா இரு."

"படுக்கறவன் நான்தான?"

கூடத்தில் பழைய ஊஞ்சலின் சங்கிலிகள் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே இரண்டு முக்காலிகளைப் போட்டுப் பலகையை அதன் மேல் வைத்தோம். ரமணாவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டோம். பெரியவர் மல்லாந்து படுத்தார். வலது கை வெளியே தொங்கியது. மடக்கி மார்பில் வைத்தார். ஒரு நிமிடத்தில் அது மறுபடி சரிந்து தொங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பாலிஷ் வாசனையே வந்துவிட்டது.

"பெத்தாயனா" என்று ரமணா கூப்பிட்டான். பெரியவரே என்று அர்த்தம். "நீங்க தெனமும் இப்படித்தான் படுப்பீங்களா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தார். தோள் பலகைக்குள் அடங்கியது. முழங்காலை மடக்கினார். மேலும் இரண்டு விரற்கடை இடம் மிச்சம் இருந்தது.

"இப்படித்தான். மல்லாந்தா கொறட்ட வருதுன்னு இவங்கம்மா உசுரோட இருக்கும்போது ஒதைப்பா. அந்தப் பழக்கம்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "தூக்கத்துல பொரண்டா?"

அந்தக் கேள்வி எனக்காகவே வந்தது போல இருந்தது. டெம்போவுக்கு ஓடி, வெட்டி விழுந்த துண்டை எடுத்து வந்தேன். அதைப் பலகையின் வெளிப்பக்க ஓரத்தில் செங்குத்தாக நிறுத்திப் பிடித்தேன். அலை போன்ற பட்டை ஓரம் மேலே வந்தது. "கீழருந்து போல்ட்டு போட்டு இத்த நிறுத்திடலாம். இது மேல பாரம் ஏறாது. சங்கிலி முழுப் பலகையிலதான் மாட்டும். பொரண்டா இது தடுக்கும்."

பெரியவர் திரும்பி எழுந்திருக்கப் பார்த்தார். அவர் கை தானாகப் போய் அந்தத் துண்டைப் பிடித்தது. அலை உள்ளே வளைந்த குழியில் நான்கு விரல்களும் கச்சிதமாக உட்கார்ந்தன. அதைப் பிடித்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். பிறகு குனிந்து நான் வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டினார்.

"ரம்பத்துல வெட்டினதா இது? எழச்ச மாதிரி கீது."

"இவதான் வெட்டினா" என்றான் ரமணா. முதல் நாள் என் பலகையைத் தொட்டுப் பார்த்தபோது இருந்த அதே முகம். உள்ளுக்குள் எதையோ வைத்திருக்கிறான் என்று நான் நினைத்தேனே, அங்கே எதுவும் இல்லை. நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்லும் முகம் அது.

"ஒட்டு இல்லல்ல?" என்றார் பெரியவர்.

"இல்ல தாத்தா. ஒத்தப் பலக."

"அப்ப சரி. ஆனா நாலு அங்குலம் கொறஞ்சிப் போச்சின்னு சாவறவரைக்கும் சொல்லிக்கினே இருப்பேன்."

அந்த அம்மா எங்கள் முன்னாலேயே மேஸ்திரிக்கு ஃபோன் போட்டார். "கதவுக்கு இன்னும் அறுக்க வேண்டியத எல்லாம் அந்தப் பொண்ணே அறுக்கட்டும். யாரு இன்னா சொன்னாலும் ரெண்டு தபா கேட்டுட்டு அறுக்கச் சொல்லுங்க." பிறகு எங்களுக்கு மோர் கொடுத்தார்.

திரும்பி வரும்போது என் நைனா காட்டிய கையசைவை ரமணாவுக்குக் காட்டினேன். உள்ளங்கையை டெம்போவின் டாஷ்போர்டில் பதித்தேன். டிரைவர் பயந்து பிரேக் போட்டார். அன்று மாலையே மேஸ்திரியிடம் பேசி அதைப் பட்டறைச் சட்டமாக்கினோம். ரம்பம் ஓடும்போது வாய்ப்பேச்சு இல்லை. பலகையின் மேல் உள்ளங்கை என்றால் நிறுத்து. அம்புக்குறி என்றால் வெட்டு. வேறு எதற்கும் ரம்பத்தை அணைத்து, மஃப்பைக் கழற்றி, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். நீங்கள் ஊமைப் பட்டறை என்றது இதைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு தறிக்காரர்களிடமிருந்து அது இங்கே வந்தது.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்டு சுத்தமாக வந்துவிட்டது என்பதற்காக அது சரியான வெட்டு என்று நினைக்காதீர்கள். தப்பு செய்த பிறகு வரும் முதல் யோசனை பெரும்பாலும் மூடி மறைக்கிற யோசனையாகத்தான் இருக்கும். அது வந்தவுடன், பாரம் எங்கே ஏறும் என்று ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் ரமணா மாதிரி ஒருவர் இருந்தால் அவரைப் போட்டியாகப் பார்த்து நாட்களை வீணாக்காதீர்கள். நான் முதல் ஏழு மாதங்களை அப்படி வீணாக்கினேன். பிறகு வந்த ஆறு வருடங்களில், ஒரு பலகையைக் கூட அவன் அம்புக்குறியை நம்பி நான் கெடுக்கவில்லை.

இன்னொரு விஷயம். டீ இடைவேளையில் ரமணா அண்ணா என்னைப் பார்த்து "பெட்டா, வெட்டா?" என்று கேட்பதும், எல்லோரும் சிரிப்பதும் ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நீங்களும் சிரிக்கலாம்.

இன்று மதியம் கடைசிப் பலகையை அறுத்தேன். தேக்கு, எட்டடி. மூலைக்கு மூலை அளந்தேன், இரண்டும் ஒன்று. இனி ரம்பம் ரமணாவுக்கு. மேஸ்திரி அதை எப்போதோ முடிவு செய்துவிட்டார். அம்புக்குறி போடும் வேலையை உங்களுக்குச் சொல்லித் தரப்போவதும் அவன்தான். ரம்பத்தை அணைத்தேன். மஃப்பைக் கழற்றினேன். ஆனாலும் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. ரமணா எதிரில் வந்து நின்றான். பலகையின் மேல் உள்ளங்கையை மெதுவாக வைத்தான்.

"பக்கன பெட்டம்மா" என்றான்.

இந்த முறை சரியாகக் கேட்டது. ரம்பத்தை ஓரமாக வைத்தேன்.